கேம்பர் கூரையில் பனி கரைந்த இடம்

ஒக்ரோபர் முதல் கிழமை பக்கத்து வீட்டு ட்றைவேக்குள் முப்பத்திரண்டு அடி நீளத்தில் ஒரு கேம்பர் வண்டி வந்து நின்றபோது குணவதிக்கு இரண்டு விசயங்கள் உடனே தெரிந்துவிட்டன. ஒன்று, தன் மேல்மாடி ஜன்னலில் இருந்து பார்த்தால் இனிமேல் தெருமுனைப் பஸ் தரிப்பிடம் தெரியாது. யார் எந்தப் பஸ்ஸில் இறங்கி யாரோடு நடந்து வருகிறார்கள் என்ற தகவல் அதோடு சரி. இரண்டு, அந்த வீட்டு மயூரி தன் தாய் தகப்பனை வீட்டைவிட்டு எழுப்பப்போகிறாள்.

முதலாவது கண்ணால் கண்டது. இரண்டாவதுக்கு ஆதாரம் எதுவும் இல்லை. இருந்தாலும் அன்று பின்னேரமே அது கிளடிசுக்குப் போய்விட்டது. கிளடிஸ் இரண்டு தெரு தள்ளி இருப்பவள். அவளுக்கு ஒன்று தெரிந்தால் ஸ்காபரோ தாண்டி மார்க்கம் நகர்வரை தெரிந்த மாதிரி.

"மயூரி அப்பிடிப்பட்ட பிள்ளையோ?" என்றாள் கிளடிஸ்.

"நான் ஒண்டும் சொல்லேல்லை. தாய் தகப்பன் அவளின்ரை கீழ் வீட்டிலை இருக்கினம். கீழ் வீட்டை வாடகைக்கு விட்டால் எவ்வளவு வரும் எண்டு உமக்கும் தெரியும். இப்ப வாசலிலை வண்டி வந்து நிக்குது. நீரே யோசிச்சுப் பாரும்."

கிளடிஸ் யோசித்தாள். யோசித்து முடித்ததை இன்னும் நாலு பேருக்குச் சொன்னாள்.

வண்டியைக் கொண்டுவந்தவர் மயூரியின் தகப்பன் விநாயகமூர்த்தி. முப்பது வருசம் பெரிய ட்றக் ஓடிவிட்டு இந்த வசந்தத்தில்தான் ஓய்வு எடுத்தவர். ஓய்வு எடுத்தவர்கள் கோயிலுக்குப் போவார்கள், காலையில் மோலுக்குள் நடப்பார்கள். இவரோ பிக்கப்பின் முதுகில் கழுத்தை ஏற்றிக்கொண்டு இழுபடும் ஒரு வீட்டையே வாங்கி வந்துவிட்டார். உள்ளே படுக்கை, அடுப்பு, குளியலறை எல்லாம் உண்டு. ஆனால் அது கோடைகாலத்துக்காகச் செய்த வீடு. குளிர் தொடங்கியதும் மனிதர் அதைப் பொத்தத் தொடங்கினார்.

குணவதி இருந்த இடத்தில் இருந்தே எல்லாவற்றையும் பார்த்தாள். அவர் வண்டிக்குக் கீழே படுத்துக்கொண்டு அடித்தட்டில் நுரைப்பலகை ஒட்டினார். சில்லுகளைச் சுற்றி வேலி மாதிரி அதே பலகையை நிறுத்தினார். மூட்டுக்கு மூட்டு வெள்ளி ரேப் அடித்தார். நவம்பர் நடுவில் அந்தக் கேம்பர், பள்ளிக்கூடத்துக்குக் கட்டிக் கொடுக்கிற சாப்பாட்டுப் பார்சல் மாதிரி ஆகிவிட்டது.

அதற்குமேல் குணவதிக்குப் பொறுக்கவில்லை. வாழைப்பழம் பிசைந்து பொரித்த எட்டு வாய்ப்பனைப் பெட்டியில் போட்டுக்கொண்டு போய்க் கேம்பர் கதவைத் தட்டினாள்.

விநாயகமூர்த்தியின் மனைவி கமலாம்பிகை கதவைத் திறந்தாள். போன கிழமையிலிருந்து இரண்டு பேரும் சோதனைக்கு இரவில் அதற்குள்ளேயே படுத்தார்கள். "வாங்கோ குணம். செருப்பைக் கழட்ட வேண்டாம், நிலம் குளிர்."

உள்ளே விநாயகமூர்த்தி கையில் ஊதுபத்தியோடு ஜன்னல் ஓரமாக நகர்ந்துகொண்டிருந்தார்.

"என்ன அண்ணை, செவ்வாய்க்கிழமையிலை பூசையோ?"

"சாமிக்கில்லைப் பிள்ளை, காத்துக்கு." அவர் திரும்பிப் பார்க்கவில்லை. "புகை நேரா எழும்பினால் அந்த இடம் சரி. வளைஞ்சால் எங்கையோ காத்து பூருது. பாருங்கோ, எப்பிடி நிக்குதெண்டு."

புகை ஆடாமல் அசையாமல் எழும்பியது. ஜன்னல்களுக்கு மெல்லிய பிளாஸ்ரிக் ஒட்டி, தலைமயிர் உலர்த்தும் மெசினால் சூடுகாட்டி, மேளத்துத் தோல் மாதிரி இழுத்து வைத்திருந்தார். கேம்பரின் ஒரு பக்கச் சுவர் மேசை லாச்சி மாதிரி வெளியே இழுபடும். அந்த விளிம்பு முழுக்கப் புது றப்பர். கதவுக்கும் புது றப்பர். பத்தியை அவர் எங்கே பிடித்தாலும் புகை நேராகத்தான் நின்றது.

"பேந்தென்ன, எல்லாம் சரிதானே?"

"எல்லாம் சரி. ஹீற்றரும் இரவிரவா ஓடுது. விடிய எழும்பிப் பாத்தால் உள்ளுக்குப் பதிமூண்டு பாகைச் சூடுதான்." அவர் பத்தியைக் குற்றவாளியைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். "சூடு எங்காலை போகுதெண்டு தெரியேல்லை." சொல்லிவிட்டு ரேப் எடுக்கக் கராஜுக்குப் போனார்.

குணவதி அதற்காகத்தான் காத்திருந்தாள். "கீழ் வீட்டுக்கு ஆரும் வாடகைக்கு வருகினமோ அக்கா?"

கமலாம்பிகை தேத்தண்ணி ஊற்றிக்கொண்டே சிரித்தாள். "ஆர் சொன்னது? கிளடிஸோ?"

குணவதி வாய்ப்பனில் ஒரு துண்டைப் பிய்த்து வாயில் போட்டுக்கொண்டாள். வாய் நிறைய இருந்தால் பதில் சொல்லத் தேவையில்லை.

"மயூரி எங்களைப் போகவே விடுறாள் இல்லை, குணம். ஒறிலியாப் பக்கம் மாரிக் குளிரிலும் திறந்திருக்கிற கேம்பிங் இடம் ஒண்டு இருக்கு. அங்கை போய் இருப்பம் எண்டால் ஒரே சண்டை. கடைசியா ஒரு கதைக்கு வந்திருக்கிறாள். வாற ஞாயிறு விடிய, தன்ரை தேர்மாமீற்றரோடை வந்து பாப்பாளாம். பதினெட்டு நிண்டால் போகலாம். நிக்காட்டி இதை விக்கிறது. பிறம்ரனிலை ஒருத்தர் கேட்டபடி நிக்கிறார்."

"வித்தால்தான் என்ன அக்கா? கீழ் வீடு சூடாக் கிடக்கு."

கமலாம்பிகை தேத்தண்ணிக் கோப்பையை நீட்டிவிட்டு, சுவரில் ஒரு கொழுக்கியில் தொங்கிய அகப்பையைக் காட்டினாள்.

"உது போன கிழமை நான் கொழுவினது. கலியாணம் கட்டிப் போன வீட்டிலை பதினொரு பேர். இஞ்சை வந்து இவரின்ரை தம்பிமாரைக் கூப்பிட்டம். பிறகு அவையின்ரை பெண்சாதிமார். பிறகு என்ரை தங்கச்சி குடும்பம். பிறகு பிள்ளையள், இப்ப பேரப்பிள்ளையள். நாப்பத்தொரு வருசம். வைச்ச அகப்பையை வைச்ச இடத்திலை நான் ஒருநாளும் திரும்பி எடுத்ததில்லை. இது இண்டைக்கும் அதிலையே தொங்குது, பாத்தியளே?"

குணவதி பார்த்தாள். சாதாரண அகப்பை. ஆனால் அதைப் பார்க்கப் பார்க்க, ஒக்ரோபரில் கிளடிசுக்குத் தான் சொன்ன கதை உறுத்தியது. தப்புவதற்கு வேறொன்றைக் கேட்டாள். மூலையில் பெரிய கறுப்புக் குப்பைப் பை ஒன்று இறுக்கிக் கட்டிக் கிடந்தது.

"உதென்ன அக்கா?"

"குளிர்க்கோட்டுகள். இந்தச் சின்ன இடத்திலை மீன் பொரிச்சால் எல்லாத்திலும் மணம் ஏறிவிடும். வந்த புதிசிலை பஸ்ஸிலை எனக்குப் பக்கத்திலை இருந்த ஒருத்தி எழும்பிப் போய் வேறை சீற்றிலை இருந்தவள். அண்டையிலிருந்து எனக்கு உதிலை பயம்."

குணவதி தலையாட்டினாள். ஸ்காபரோவில் அந்தப் பயம் இல்லாத தமிழ்ச் சமையலறை ஏது? அவளே கராஜுக்குள் இரண்டாவது அடுப்பு வைத்திருப்பவள்.

வெள்ளி இரவு பனி கொட்டியது. சனி விடிய வானம் வெளித்து, கடும் குளிர். குணவதி வழக்கம்போல ஏழு மணிக்குப் பிளேன்ரீயோடு ஜன்னலடிக்கு வந்தாள். கூரையெல்லாம் வெள்ளை. கேம்பர் கூரையும் வெள்ளை. ஆனால் அதன் நடுவில், சமையலடிக்கு நேர் மேலே, ஒரு தோசைக்கல் அகலத்துக்குப் பனி கரைந்து கறுப்பாகக் கிடந்தது. அதற்குள் இருந்த சின்னக் காற்றுமூடி இரண்டு விரல் உயரத்துக்குத் திறந்திருந்தது. இடுக்கால் ஆவி மெல்ல எழும்பிக்கொண்டிருந்தது.

சூடு எங்காலே போனதென்று இப்போது தெரிந்தது. கேம்பர் கூரை பதிமூன்றடி உயரம். நிலத்தில் நின்றால் தெரியாது, மயூரி வீட்டில் அந்தப் பக்கம் மேல்ஜன்னலும் இல்லை. அந்தத் தெருவிலேயே அதைக் காணக்கூடிய ஒரே ஜன்னல் குணவதியுடையது. ஆகவே சொல்வதென்றால், விடியக்காலை ஏழு மணிக்கு அவர்களுடைய கூரையைப் பார்த்துக்கொண்டு நின்றதையும் சேர்த்துத்தான் சொல்லவேண்டும்.

"தற்செயலாத்தான் கண்டனான்" என்று ஒருதரம் மெதுவாகச் சொல்லிப் பார்த்தாள். அவளுக்கே நம்பிக்கை வரவில்லை. பேசாமல் இருந்துவிடலாம். நாளைக்குப் பதிமூன்று நிற்கும், கேம்பர் பிறம்ரனுக்குப் போய்விடும், தரிப்பிடமும் திரும்பத் தெரியும். ஆனால் அந்த அகப்பை?

விநாயகமூர்த்தி பிக்கப்பில் வெளியே போகும்வரை காத்திருந்து, சப்பாத்தைக் கொழுவிக்கொண்டு போனாள்.

"அக்கா, உங்கடை கூரை மூடி திறந்து கிடக்கு. மேலையிருந்து... தற்செயலா..."

கமலாம்பிகை அண்ணாந்து பார்த்தாள். உள்பக்கம் ஒரு வலை மறைப்பு இருந்தது. கீழிருந்து பார்த்தால் மூடி திறந்ததோ பூட்டினதோ விளங்காது. அவள் முகம் மெல்ல மாறியது.

"அது நான்தான். சமைச்சாப் பிறகு மணம் போகட்டும் எண்டு ரெண்டு விரல் திறந்து விடுறனான். விடிய மட்டும் அப்பிடியே கிடக்கும்."

"அண்ணை பத்தி பிடிக்கேக்கை காணேல்லையோ?"

"அவர் பத்தி கொளுத்த முதல் ஓடிப்போய்ப் பூட்டிப்போடுவன்."

"ஏனக்கா?"

"பூட்டாட்டிப் புகை வளையுமே."

குணவதி அவளையே பார்த்தாள். "அக்கா, வளையுதோ எண்டு பாக்கத்தானே மனிசன் பத்தி பிடிக்குது."

கமலாம்பிகை திரும்பவும் மூடியை அண்ணாந்து பார்த்தாள். பிறகு அவளுக்குச் சிரிப்பு வந்தது. வந்தது நிற்கவில்லை, வாயைச் சேலைத் தலைப்பால் பொத்திக்கொண்டு கட்டில் விளிம்பில் இருந்துவிட்டாள். ஆட்கள் வரப்போகிறார்கள் என்றால் வீட்டை ஒதுக்கி வைப்பது மாதிரி அவள் சோதனைக்கும் வீட்டை ஒதுக்கி வைத்திருக்கிறாள். சிரித்து முடிய, கண் கலங்கியிருந்தது.

"நான்தான் போகவேணும் எண்டு நிண்டனான். நானே சூட்டை வெளியிலை அனுப்பியிருக்கிறன். இவர் அறிஞ்சால் ஒறிலியா போய்ச் சேரும் மட்டும் இதையே சொல்லிக்கொண்டு வருவார்."

"அறியவேண்டாம். சமைக்கேக்கை மூடியை நல்லா அகலத் திறவுங்கோ. நாலு மணிக்குள்ளை சமையலை முடியுங்கோ. மணம் போனாப் பிறகு பூட்டி, அந்தக் குழிக்குள்ளை ஒரு நுரை மெத்தை அடையுங்கோ. அளவு சொல்லுங்கோ, நான் தைச்சுத் தாறன்."

பதினான்கு அங்குலச் சதுரம். பழைய சோபா நுரையை வெட்டி அன்று மத்தியானமே தைத்தாள். உறைக்குத் துணியும் கையிலேயே இருந்தது: அந்த மேல்மாடி ஜன்னலுக்கென்று ஆறு வருசத்துக்கு முதல் வாங்கி, பார்வையை மறைக்கும் என்று இன்னும் போடாமல் வைத்திருந்த திரைச்சீலைத் துணி.

மெத்தையை வாங்கிய கமலாம்பிகை துணியைத் தடவிப் பார்த்தாள். "நல்ல துணி. நீங்கள் அந்த ஜன்னலுக்கு ஏன் ஒண்டும் போடுறதில்லை எண்டு நானும் யோசிக்கிறனான்" என்றாள். குணவதி பனி வழிக்கவேண்டும் என்று சொல்லிக்கொண்டு வந்துவிட்டாள்.

பின்னேரம் திரும்பவும் பனி தூவியது. ஞாயிறு விடிய ஜன்னலால் பார்த்தபோது கேம்பர் கூரை ஒரு கறையும் இல்லாமல் வெள்ளையாகக் கிடந்தது. இருந்தாலும் மேலிருந்து பார்த்துப் பாகை சொல்ல முடியாதே. பனி வழிக்கிற சவளைத் தூக்கிக்கொண்டு கீழே இறங்கி, இரண்டு ட்றைவேக்கும் நடுவில், வழிக்கவே தேவையில்லாத இடத்தை வழிக்கத் தொடங்கினாள்.

மயூரி வீட்டுச் செருப்போடும் பெரிய கோட்டோடும் வந்தாள். "மோர்னிங் அன்ரி" என்றுவிட்டுக் கேம்பருக்குள் ஏறினாள். கதவு முழுதாகச் சாத்தவில்லை. குணவதி சவளை அசைக்காமல் நின்றாள்.

"வெயிற் பண்ணுங்கோ அப்பா, நம்பர் இன்னும் ஏறுது." ஒரு நீண்ட இடைவெளி. "நைன்ரீன்."

"பத்தொன்பதோ?"

"ஓம். பத்தொன்பது." மயூரியின் குரல் இறங்கிவிட்டது. "ஓகே. சொன்னால் சொன்னதுதான். பட் அம்மா, எவ்ரி டே எனக்கு வீடியோ கோல் எடுக்கவேணும். எந்தநாளும் காட்டுற அந்த அகப்பையை இல்லை, உங்களைக் காட்டவேணும்."

விநாயகமூர்த்தி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வெளியே வந்தார். "கண்டியளோ பிள்ளை? நேற்று வடக்குப் பக்கம் நாலு அங்குல ரேப் ஒரு சுத்து அடிச்சனான். அதுதான் விசயம்."

அவருக்குப் பின்னால் கதவடியில் கமலாம்பிகை நின்றாள். அகப்பை கையில் இருந்தது. அவள் கண் குணவதி பக்கம் ஓடியது.

"கெட்டிக்காரன் அண்ணை நீங்கள்" என்றாள் குணவதி. அறுபத்திரண்டு வயதில் இவ்வளவு சிரமப்பட்டு அவள் வாயை மூடியது அதுதான் முதல் தடவை.

புதன்கிழமை கேம்பர் புறப்பட்டது. பத்து நிமிசம் ஆகவில்லை, கிளடிசின் ஃபோன்.

"போயிட்டினமாமே? நீர் அண்டைக்கே சொன்னனீர். கடைசியிலை மகள் கலைச்சுப்போட்டாள்."

குணவதி ஜன்னலால் பார்த்தாள். ட்றைவே வெறுமையாக இருந்தது. தரிப்பிடம் தெளிவாகத் தெரிந்தது. யாரோ இரண்டு பேர் இறங்கினார்கள், யாரென்று கூர்ந்து பார்க்கத் தோன்றவில்லை.

"இல்லை கிளடிஸ். நான் பிழையாச் சொல்லிப்போட்டன்."

கிளடிஸ் குரலைத் தாழ்த்தினாள். "உமக்குச் சுகமில்லையோ?"

"சுகமாத்தான் இருக்கிறன். அவை தாங்களாப் போகினம். மகள்தான் மறிச்சவள். நீர் சொன்ன ஆக்களுக்கெல்லாம் திரும்ப எடுத்துச் சொல்லும். நானும் என்ரை பக்கத்துக்குச் சொல்லுறன்."

"மறிச்சவள் பிறகு என்னெண்டு விட்டவள்?"

மீன் பொரியல், இரண்டு விரல் இடுக்கு, ஓடிப்போய்ப் பூட்டிய மூடி, நேராக நின்ற புகை. இந்த வருசத்திலேயே கிடைத்த திறமான கதை குணவதியின் நாக்கு நுனியில் வந்து நின்றது.

"ஆருக்குத் தெரியும்?" என்றாள். "ஏதோ ரேப் அடிச்சவராம்."