அண்ணன் சொன்னது

என் அண்ணனுக்குப் பிறவியிலேயே காது கேட்காது, பேச்சும் வரவில்லை. அவனைப் பள்ளிக்கூடம் அனுப்ப அப்பாவுக்கு மனம் வராததால், படித்தவர்கள் பேசும் சைகை மொழி அவனுக்குத் தெரியாது. சிறு வயதில் நானும் அவனும் சண்டை போட்டுக்கொள்வதற்காக உண்டாக்கிய சைகைகள்தான் அவனுடைய பாஷை. அம்மா போன பிறகு அதைப் புரிந்துகொள்ள நான் ஒருத்திதான் மிச்சம். இப்போது அவனும் இல்லை.

தகடு வெட்டும் ஆலையில் அவனுடைய வலது கை நசுங்கியது. இயந்திரத்துக்குள் கை போகாதபடி ஓர் இரும்புத் தடுப்பு உண்டு. வேலை வேகமாக நடக்கட்டும் என்று சூப்பர்வைசர் அதைக் கழற்றி வைத்திருந்தார். நஷ்டஈடு கேட்டு வழக்குப் போட்டபோது, அண்ணனே கழற்றினான் என்றது ஆலை. பார்த்தவர்கள் பிழைப்புக்குப் பயந்து வாய் திறக்கவில்லை. எங்களிடம் இருந்தது அண்ணனின் சாட்சி ஒன்றுதான். அதை நீதிமன்றம் ஏற்குமா என்பதுதான் அன்றைய கேள்வி.

நீதிமன்றம் வரவழைத்த சைகை மொழிபெயர்ப்பாளர் வெகுநேரம் முயன்றார். "இவர் செய்யறது எனக்குப் புரியல, நான் செய்யறது இவருக்குப் புரியல," என்று கைவிட்டார். அந்த ஆள் ஏன் கொசு அடிக்கிறார் என்று அண்ணன் என்னிடம் கேட்டான்.

ஆலையின் வக்கீல் மூக்கை உறிஞ்சிக்கொண்டு எழுந்தார். "பாஷையே இல்லாதவர் எப்படிங்கய்யா சாட்சி சொல்லுவாரு?"

எங்கள் வக்கீலம்மா உடல் ஊனமுற்றவர்களின் வழக்குகளை மட்டுமே எடுப்பவர். "இருக்குங்கய்யா. அவருக்குத் தெரிஞ்ச விதத்துல சாட்சி சொல்ல அவருக்கு உரிமை இருக்கு. தங்கச்சி எடுத்துச் சொல்லுவாங்க."

"தங்கச்சி சொன்னா அது தங்கச்சியோட கதை. பொம்மலாட்டத்துல பொம்மையா பேசுது?"

நீதிபதிக்குப் பசி நேரம். "சரி, என்னதான் பண்ணலாம்ங்கறீங்க?"

"இந்தம்மா வெளிய போகட்டும். நான் அவருக்கு ஒண்ணு செஞ்சு காட்டறேன். திரும்பி வந்து, அவர்கிட்ட கேட்டு, நான் என்ன செஞ்சேன்னு சொல்லட்டும். சொல்லிட்டா ஒத்துக்கறேன்."

வக்கீலம்மா சம்மதித்தார். தாழ்வாரத்தின் கோடியில், உள்ளே நடப்பது எதுவும் காதில் விழாத இடத்தில் என்னை நிற்க வைத்தார்கள்.

திரும்பி வந்தபோது அறையில் எல்லா முகங்களும் துடைத்து வைத்தாற்போல இருந்தன. வக்கீலம்மாவின் முகம் மட்டும் சிவந்திருந்தது. என்ன நடந்தது என்று அண்ணனிடம் கேட்டேன்.

ஒன்றுமில்லை, வீட்டுக்குப் போகலாம் என்றான்.

அதையே உரக்கச் சொன்னேன். இல்லாததைச் சேர்க்க எனக்கு உரிமை இல்லை.

"பாத்தீங்களாய்யா? சாயம் வெளுத்துப்போச்சு!" என்றார் ஆலையின் வக்கீல்.

அண்ணன் நசுங்கிய கையை அக்குளில் சொருகிக்கொண்டு நின்றான். அவமானப்பட்டால் அப்படித்தான் நிற்பான். அது என் காதுக்கு வரக் கூடாதாம், என்னைக் காப்பாற்றுகிறானாம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கட்டைவிரலை வாயில் வைத்துச் சூப்பிக் காட்டினேன். பால்குடி மறக்காத பயந்தாங்கொள்ளி என்று அர்த்தம். அதற்காகச் சிறு வயதில் அவனிடம் நான் வாங்காத உதை இல்லை.

"ஐயா, சொல்லிக் குடுக்கறாங்க!"

"விரல் சூப்பி என்னங்க சொல்லிக் குடுக்க முடியும்?" என்றார் வக்கீலம்மா.

அண்ணனின் கழுத்து நரம்பு புடைத்தது. இடது கையாலேயே கொட்டித் தீர்த்தான். அவன் கை ஓடிய வேகத்துக்கு என் நாக்கு ஓடியது.

"மூக்குறிஞ்சி எழுந்து வந்தான். வக்கீல் சாரத்தான் சொல்றான். என்னை மாதிரியே வாயைக் கோணிக்கிட்டான். கைய இப்படி முடமா மடக்கிக்கிட்டு, தொண்டை புடைக்க என்னமோ கத்தினான். எல்லாரும் சிரிச்சாங்க. நம்ம வக்கீலம்மா மேசையத் தட்டினாங்க. யாரும் அவங்களப் பாக்கல. டைப் அடிக்கற பொண்ணு மட்டும் சிரிக்கல."

அடுத்து அவன் நீதிபதியைக் காட்டினான். நான் நிறுத்தினேன். என் உதடு அசையாததைப் பார்த்துவிட்டுக் கூண்டின் கம்பியை ஓங்கித் தட்டினான். சொல்லு என்றான்.

"உசந்த நாற்காலியில இருக்கறவரும் சிரிச்சாரு. காகிதத்தால வாயை மறைச்சுக்கிட்டு."

"ஐயா, இதையும் அடிக்கவா?" என்றாள் டைப் அடிக்கும் பெண்.

நீதிபதி ஆலையின் வக்கீலைப் பார்த்தார். "இந்தம்மா சொன்னதுல தப்பு இருக்கா?"

"ஐயா, அந்தக் கடைசி விஷயம் வந்து…"

"தப்பு இருக்கா, இல்லையா?"

"இல்லீங்கய்யா."

"அப்ப அடிங்க. தங்கச்சி மொழிபெயர்க்கலாம். கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லச் சொல்லுங்க அந்த ஆள."

எங்களைப் பார்க்காமலேதான் சொன்னார். நான் அண்ணனுக்கு எடுத்துச் சொன்னேன். கேட்டார்கள், சொன்னேன் என்றான் அவன்.

அன்று மாலைவரை சாட்சி சொன்னான். தடுப்பைக் கழற்றியது யார், கழற்றி எங்கே சாய்த்து வைத்தார், கை சிக்கியபோது எந்தப் பக்கம் ஓடினார் என்று எல்லாவற்றையும். மூக்குறிஞ்சி அவனைக் குறுக்கும் நெடுக்கும் மடக்கிப் பார்த்தார். கேள்வி ஒவ்வொன்றையும் அவன் முகத்தைப் பார்த்துத்தான் கேட்க வேண்டும் என்று வக்கீலம்மா விடாப்பிடியாக நின்றார்.

தீர்ப்பு வருமுன் ஒரு காய்ச்சல் அண்ணனைக் கொண்டுபோய்விட்டது. ஆள் போனதோடு வழக்கும் போயிற்று என்றது ஆலை. முறையாகப் பதிவான சாட்சி ஆளோடு சாகாது என்றார் வக்கீலம்மா. நீதிபதி வேண்டாவெறுப்பாக அதை ஏற்றுக்கொண்டார். நாங்கள் ஜெயித்தோம்.

வெளியே படிக்கட்டில் ஆலையின் வக்கீல் என்னை வழிமறித்தார். குரலைக் குழைத்துக்கொண்டு, "மனசுல ஒண்ணும் வச்சுக்காதீங்கம்மா, தொழில் அப்படி. உங்கண்ணன் ரொம்ப நல்ல மனுஷன்," என்றார்.

"உங்களப் பத்தி அவன் அப்படிச் சொல்லலீங்க," என்றேன். "சாட்சி சொன்ன அன்னைக்கு வீட்டுக்குப் போற வழியெல்லாம் சொல்லிட்டு வந்தான். ஒண்ணு விடாம ஞாபகம் இருக்கு. சொல்லட்டுமா?"

அவர் கோட்டைக் கையில் சுருட்டிக்கொண்டு மடமடவென்று படியிறங்கிப் போய்விட்டார்.