அணையாத அடுப்பு

அது தொடங்கிய ஆண்டு ஐம்பத்திரண்டா ஐம்பத்துமூன்றா என்பது இப்போது சரியாக நினைவில்லை. வால்மோரா ஊர்க்காரர்கள் ஆளுக்கு ஒன்று சொல்வார்கள். ஆனால் அணை ஏரியில் எர்சிலியா பிடித்த டிரவுட் மீன்கள் புகையில் வெந்தே மேலே வந்தன என்பதில் யாருக்கும் சந்தேகம் கிடையாது. தூண்டிலை இழுத்தால் தோல் பொன்னிறமாகி, ஜூனிபர் விறகு மணக்க, மீன் அப்படியே தின்னத் தோதாக வரும். சோளக்களியை மட்டும் கிண்டிக்கொண்டால் போதும்.

காரணமும் ஊரறிந்ததுதான். அந்த மலைகளில் ஒரு வீட்டை விட்டு ஒரேயடியாகப் போகிறவர்கள், வீட்டுப் பெண் கையால் அடுப்பில் தண்ணீர் ஊற்றிவிட்டுப் போக வேண்டும். ஊற்றினால் வீட்டை விட்டுக்கொடுத்ததாக அர்த்தம். மின்சாரக் கம்பெனி பள்ளத்தாக்கை மூழ்கடிக்க வந்தபோது, சொன்ன நாளில் நாற்பது அடுப்புகள் அணைந்தன. கணவனை இழந்திருந்த எர்சிலியா மட்டும் இரண்டு கட்டைகளைக் கூடுதலாகச் செருகி, கதவைப் பூட்டிவிட்டு மேட்டுக்கு ஏறினாள். ஏரி நிறைந்தபின் தன் புகைக்கூண்டுக்கு நேர் மேலே படகை நிறுத்தித் தூண்டில் போட்டாள்.

கம்பெனி மீன்பிடிக்க அனுமதிச் சீட்டு வைத்தது; நீளம் குறைந்த மீனைத் திருப்பி விடவும் விதி போட்டது. சீட்டு வாங்கினால் அது தன் வீடில்லை, ஏரிதான் என்று ஒப்புக்கொண்டதாகிவிடும், அவள் வாங்கவில்லை. பதினோரு ஆண்டில் ஒன்பது தூண்டில்களைப் பறித்தார்கள். பறிக்க வந்த காவலன் ஓரெஸ்தே, அவள் கணவனின் தம்பி. தண்ணீருக்குக் கீழே அடுத்த வீடு அவனுடையது. பெண்டாட்டியை அதட்டி அடுப்பை அணைக்க வைத்துவிட்டுக் கம்பெனித் தொப்பியை மாட்டிக்கொண்டவன்.

"சீட்டு எங்க, அண்ணி?"

"என் அடுப்பங்கரைக்கு நான் போக உங்கிட்ட சீட்டு வாங்கணுமாக்கும். தொப்பி போட்டதும் தலை பெருத்துப்போச்சு."

"மேலிடத்துல என்னைத்தான் வையுறாங்க."

"வையட்டும். மீனைத் தின்னு, ஆறிடப்போவுது."

அவன் தின்றான். பிறகு தூண்டிலை எடுத்துக்கொண்டு போனான்.

குளிர்காலத்தில் ஏரி முழுக்கப் பனிக்கட்டி உறைந்தாலும் அந்த ஓர் இடம் உறையவில்லை. அணையில் மின்சாரம் எடுக்கும் விசையறையில் புகை நாறியது. கம்பெனி ஒரு முக்குளிப்பவனை இறக்கியது. தலைமுடி காய்ந்திருக்க மேலே வந்த அவன், நெருப்பு நன்றாக எரிகிறது, அதைத் தொடுவது என் வேலை இல்லை என்று சொல்லிவிட்டான். கடைசியில் பொறியாளரே ஒரு வாளியோடு படகில் வந்தார். புகைக்கூண்டுக்கு மேலே அவள் கையால் ஒரு வாளி ஊற்றினால், ஆயுளுக்கும் சீட்டில்லாமல் பிடிக்கலாம் என்றார். துடுப்புப் போட்டது ஓரெஸ்தே.

எர்சிலியா தூண்டிலைப் படகில் வைத்தாள்.

"நாப்பது மீட்டர் தண்ணி ஊத்திட்டீங்களே. அணைஞ்சுதா?" என்றாள். வாளியை வாங்கி அவர் பூட்ஸில் கவிழ்த்தாள்.

ஒரு வாரம் கழித்து ஓரெஸ்தே தொப்பியில்லாமல் வந்தான். அடுப்பு அணைந்த வீட்டுக்குப் பக்கத்து வீட்டுத் தணல் கொடுப்பது அங்கே வழக்கம்.

"ஒரு தணல் குடுங்க, அண்ணி. கீழ என் வீடு சில்லிட்டுக் கெடக்கு."

"சொன்னவுடனே அணைச்சல்ல? கெடக்கட்டும்."

கொடுக்கவில்லை. அதற்குப் பிறகு அவனோடு பேசவும் இல்லை.

பொறியாளர் வேறு பள்ளத்தாக்குக்கு மாற்றலாகி, அங்கே இரண்டு ஊர்களை மூழ்கடித்தார். ஓரெஸ்தே, அறைக்கு அறை வெப்பக்குழாய் ஓடிய வீட்டில், நடுக்கோடையான ஜூலை மாதத்தில் குளிரில் விறைத்து இறந்தான். எர்சிலியா எழுபத்தெட்டாம் ஆண்டில் போனாள், யாரையும் மன்னிக்கவில்லை. கம்பெனியின் மீன்பிடி விதிகளில் பதினான்காவதாக ஒரு வரி சேர்ந்திருக்கிறது: வெந்து வரும் மீனுக்கு நீளம் அளக்க வேண்டியதில்லை.