தடைக்கால ஆங்கிலம்

1

இந்தக் கதை எனக்கு ஒரு மின்கம்பத்தில் கிடைத்தது. தங்கச்சிமடம் பேருந்து நிறுத்தத்தில், வராத பேருந்துக்காக நின்றுகொண்டிருந்தேன். கம்பத்தில் கையால் எழுதி ஒட்டியிருந்தார்கள்: 'தடைக்காலச் சிறப்பு ஆங்கிலப் பேச்சு வகுப்பு. படகு கடலுக்குப் போவதற்குள் பேசிவிடலாம். இடம்: சவேரியார் வலைக் கொட்டகை.' படித்ததும் சிரித்தேன். சிரித்துவிட்டுப் பேசாமல் ஊருக்குத் திரும்பியிருக்கலாம். எழுதுகிறவனுக்குத்தான் கை சும்மா இருக்காதே.

மீன் குஞ்சு பொரிக்கும் காலம் என்று சித்திரையில் விசைப்படகுகளை இரண்டு மாதத்துக்கு நிறுத்திவிடுவார்கள். அந்த நாட்களில் ராமேசுவரம் தீவின் ஆண்கள் வலை தைப்பார்கள், எஞ்சினைப் பிரித்து மாட்டுவார்கள், வீட்டில் குறுக்கும் நெடுக்கும் நடந்து பெண்களிடம் வாங்கிக்கட்டிக்கொள்வார்கள். இந்த இடைவெளியில் ஆங்கிலத்தை நுழைத்துவிடலாம் என்று யாரோ ஒருத்தி திட்டம் போட்டிருக்கிறாள். அவள் யாரென்று எனக்குத் தெரியாது. ஜோஸ்லின் என்று நானே பெயர் வைத்தேன்.

2

முதல் தொடக்கம்: 'கடல் அன்று அமைதியாக, ஏதோ ஒரு

அந்த வாக்கியம் அங்கேயே கிடக்கட்டும். காரணம் வாவு முகம்மது. பாம்பனில் படகுகளுக்கு ஐஸ் போடுகிறவன், என் நண்பன். என் கதைகளை அச்சுக்கு முன்னால் படிப்பவன் அவன் ஒருவன்தான். (அச்சுக்குப் பின்னால் படிப்பவர்களும் ஏறக்குறைய அவ்வளவுதான்.) போனில் வாசித்துக் காட்டினேன்.

"ஏலே, நீ கமுதிக்காரன். மொளகா வத்தல் காயப்போட்டதப் பத்தி எழுது, ஒத்துக்கிறேன். கடல் பக்கம் வராத" என்றான்.

இரண்டாம் தொடக்கம்: 'ஜோஸ்லின், எம்.ஏ., பி.எட்., ஆங்கிலத்தை உயிருக்குயிராக நேசித்தாள்.' சுத்தப் பொய். அவள் ஆங்கிலத்தைக் கண்டு நடுங்கினாள். அதிலும் நியாயமாகச் சொன்னால், ஆங்கிலத்தைக் கண்டு அல்ல, ஆங்கிலம் பேசும் ஒரு மனிதரைக் கண்டு. அவர் ராமநாதபுரத்தில் அவள் வேலை பார்த்த தனியார் பள்ளியின் தாளாளர். (கரஸ்பாண்டன்ட் என்பதைச் சுருக்கி ஆசிரியர்கள் அவரைக் 'கரஸ்' என்பார்கள், அவர் காதில் விழாமல்.) பெற்றோர் கூட்டத்தில் அவர் திடீரென்று அவள் பக்கம் திரும்பி, நான்கு வார்த்தை ஆங்கிலத்தில் பேசுமாறு சொன்னார். எழுந்து நின்றாள். வாய் திறந்தது, நாக்கு எழும்பவில்லை. "இவர்தான் எங்கள் ஆங்கில ஆசிரியை" என்றார் தாளாளர். கூட்டம் சிரித்தது. மறுநாளே வேலையை விட்டுவிட்டாள்.

இதுதான் கதையின் முதுகெலும்பு, கவனமாகக் கேளுங்கள். 'எங்க போயிருவா, பள்ளிக்கூடம் தொறக்குறப்ப தானா வருவா' என்று அவர் அவளுடைய இடத்தைக் காலியாகவே வைத்திருக்கிறார். தடைக்காலம் முடிந்த பிறகும் அவளுடைய வகுப்பு நடந்தால், அவள் திரும்பிப் போக வேண்டியதில்லை. வகுப்பு படுத்துவிட்டால், அதே மனிதரின் அறையில் போய்க் கைகட்டி நிற்க வேண்டும். 

(ஒரு விதிமுறை. இந்தக் கதையில் ஆங்கில வாக்கியம் வராது. என் ஆங்கிலத்தின் நிலைமை அப்படி. யாராவது ஆங்கிலத்தில் பேசினால் நான் அதைச் செந்தமிழில் தருவேன். செந்தமிழைக் கண்டால் ஆங்கிலம் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.)

3

ஜோஸ்லின் முதலில் வீடு வீடாகப் போய், ஆங்கிலம் எதற்கு வேண்டும் என்று கேட்டாள். பாடத்திட்டம் அப்படித்தான் போட வேண்டும் என்று பி.எட்.டில் படித்திருந்தாள். பி.எட்.டில் படித்ததை ஒருத்தி செய்துபார்த்தது அநேகமாக இதுவே முதல் முறை.

"கஸ்டமர் கேர்காரனத் திட்டணும். தமிழ்ல திட்டுனா கட் பண்ணிடுறான்" என்றார் சவேரியார். படகு வைத்திருப்பவர், கொட்டகைக்குச் சொந்தக்காரர்.

"இந்த மனுசன் காலையில ரெண்டு மணி நேரம் வீட்டுல இல்லாம இருக்கணும். அதுக்கு எந்தப் பாசை சொல்லிக்குடுத்தாலும் சரி" என்றாள் அவர் மனைவி யாகப்பம்மாள். கருவாடு வியாபாரம் செய்கிறவள்.

மகன் சகாயவினோத்துக்கு மட்டும் நிஜமான தேவை இருந்தது. கொச்சியில் ஒரு ஓட்டல் சமையற்கட்டில் வேலைக்கு எழுதிப் போட்டிருந்தான். போனில் முகம் பார்த்து ஆங்கிலத்தில் கேள்வி கேட்பார்களாம். தங்கை லிண்டா கல்லூரி விடுமுறையில் இருந்தாள். "எனக்கும் வச்சுக்கங்க டீச்சர்" என்றாள்.

ஜோஸ்லின் இலக்கணப் புத்தகத்தை மூடி வைத்தாள். வணக்கம் சொல்லித் தன்னைப் பற்றிச் சொல்வது ஒரு நாள், நேற்று நடந்ததைச் சொல்வது ஒரு நாள், விலை பேசுவது ஒரு நாள், பொருளைச் சோதித்து வாங்குவது ஒரு நாள், இனிமேல் செய்யப்போவதைச் சொல்வது ஒரு நாள் என்று பாடங்களைப் பிரித்தாள். மீன் பெட்டிகளைக் கவிழ்த்துப் போட்டுப் பத்து இருக்கை. கோயில் மைக்கில், காணாமல் போன வெள்ளாட்டுக்கும் பாத்திமா அன்பிய ஜெபக் கூட்டத்துக்கும் நடுவே அறிவிப்பு வந்தது. வீட்டுக்கு ஓர் இடம் என்று பத்து வீட்டார் பெயர் கொடுத்தார்கள்.

4

முதல் நாள் சவேரியார் வீட்டுப் பெட்டியில் சகாயவினோத் இருந்தான். இரண்டாம் நாள் லிண்டா. மூன்றாம் நாள் சவேரியாரே வந்தார். நான்காம் நாள் யாகப்பம்மாள் முந்தானையை உதறிக்கொண்டு உட்கார்ந்தாள். மற்ற ஒன்பது பெட்டிகளிலும் இதே கதைதான்.

"உங்க வீட்டுல யாரு படிக்கிறா?" என்று யாகப்பம்மாளைக் கேட்டாள் ஜோஸ்லின்.

"எங்க வீடு படிக்குது டீச்சர். வினோத்து எஞ்சின் வேலைக்குப் போயிருக்கான். இடம் காலியாக் கெடக்கக் கூடாதுல்ல, அதான் நான் வந்துட்டேன்."

"ஆள் மாத்தி மாத்தி வந்தா எப்படி? இது என்ன படகா?"

"படகுக்கே மாத்து ஆள் அனுப்புறோம். காய்ச்சக்காரனுக்குப் பதிலா அவன் தம்பி போனா, வலை ஏற மாட்டேன்னா சொல்லுது?"

படகில் ஒருவனுக்கு முடியாவிட்டால் அவன் வீட்டிலிருந்து இன்னொருவன் போவான்; அந்த இடத்தின் பங்கு அந்த வீட்டுக்கே வரும். தலைமுறை தலைமுறையாக இப்படித்தான். ஆங்கிலத்துக்கு மட்டும் வேறு சட்டம் இருக்கும் என்று அந்த ஊரில் யாருக்கும் தோன்றவில்லை.

(வாவு முகம்மதின் குறிப்பு: "பரவாயில்லயே, இத எங்கன கேட்ட?" நானே யோசித்தது என்றேன். நம்பவில்லை.)

இந்த இடத்தில் ஜோஸ்லின் கோபப்பட்டுக் கரும்பலகையைத் தூக்கிக்கொண்டு போகிறாள் என்றுதான் எழுதியிருந்தேன். அவள் போகவில்லை. எழுதியது இரண்டு பக்கம், அத்தனையும் வீண். எனக்கு அவள்மேல் சந்தேகமே வந்துவிட்டது. இவள் பொறுமைசாலியா, பயந்தாங்கொள்ளியா? அவளோ நெற்றியைத் தேய்த்துக்கொண்டு, "சரி, வீட்டுல போயி ஒருத்தருக்கொருத்தர் சொல்லிக்குடுங்க" என்று முடித்துக்கொண்டாள்.

யார் சொல்லிக்கொடுத்தார்கள்? அவரவர் பாடத்தை அவரவர் பொத்தி வைத்துக்கொண்டார்கள். அதிகாலைச் சந்தையில் சவேரியார், "பெருமாட்டி, இதன் விலை யாது?" என்று நண்டுக்காரியைக் கேட்டார். லிண்டா பதில் சொல்ல வாயெடுத்தபோது, "வெலை என் பாடம். நீ உன் நேத்தைப் பாத்துக்க" என்று அடக்கிவிட்டார். நண்டுக்காரி இரண்டு பேரையும் ஒரு மாதிரியாகப் பார்த்தாள்.

5

கொச்சி ஓட்டலின் அழைப்பு வந்த காலையில் கொட்டகையில் வினோத்தும் ஜோஸ்லினும் மட்டும் இருந்திருக்க வேண்டும். 'நீங்க யாரும் வரக் கூடாது' என்று ஜோஸ்லின் படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள். வீட்டில் மற்ற மூன்று பேரும் வந்து வலைக் குவியலுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார்கள்.

எதிர்ப் பெட்டியில் சாய்த்து வைத்த போனில் ஒரு மேலாளர் அம்மாள். பெயரும் ஊரும் கேட்டார்.

"அன்னையே, வணக்கம். அடியேன் சகாயவினோத். தங்கச்சிமடம் என் ஊர்" என்றான் வினோத். அது அவன் வந்த நாளின் பாடம். பிரமாதமாக வந்தது.

"நேற்று என்ன செய்தீர்?"

வினோத் விழித்தான். அவன் தோளுக்குப் பக்கத்தில் லிண்டாவின் தலை முளைத்தது. "நேற்று இவர் வலை தைத்தார், மாலையில் உறங்கினார்" என்றது.

"அங்கே மீன் என்ன விலை?"

இந்தப் பக்கம் சவேரியார் முளைத்துச் சொன்னார். கடைசியில், மீன் நல்ல மீனா என்று எப்படிக் கண்டுபிடிப்பீர்கள் என்று அந்த அம்மாள் கேட்டதும், யாகப்பம்மாள் மகனைப் பெட்டியிலிருந்து இடித்து நகர்த்திவிட்டு உட்கார்ந்தாள்.

"கண்ணை நோக்குவேன். செவுளை நோக்குவேன். விற்பவன் முகத்தையும் நோக்குவேன்."

மேலாளர் அம்மாள் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார். பிறகு, "இவர்களெல்லாம் யாவர்?" என்றார்.

எல்லோரும் ஜோஸ்லினைப் பார்த்தார்கள். அவள் முகத்தில் ரத்தமே இல்லை. இங்கே எனக்கு இரண்டு வழி இருந்தது: ஒன்று, பழையபடி நாக்கு ஒட்டிக்கொள்கிறது, இரண்டு, அருவி மாதிரி கொட்டுகிறாள். முதலாவது பாவம், இரண்டாவது புளுகு. அவளே மூன்றாவதைச் செய்தாள். குனிந்து போனுக்குள் முகத்தைக் காட்டி, நடுங்குகிற குரலில் ஒரே வாக்கியம் சொன்னாள்:

"அம்மையீர், இவர்கள் நால்வரும் ஒரு மாணவர்."

அந்த அம்மாள் சிரித்த சிரிப்பில் போன் பெட்டியிலிருந்து விழுந்துவிட்டது என்று எழுத ஆசை. விழவில்லை. ஆனால் சிரித்தார். வினோத் ஒரு மாதம் வந்து வேலை செய்து காட்டட்டும், தனியாக வரட்டும் என்றார். யாகப்பம்மாளுக்குத் தன்னைக் கூப்பிடவில்லையே என்று கொஞ்சம் வருத்தம்தான்.

6

தடைக்காலம் முடிந்தது. படகுகள் போயின, சவேரியாரும் போனார். வினோத் கொச்சியில். வகுப்பு அவ்வளவுதான் என்று நான் சோகமாக ஒரு பத்தி எழுதி, வாவுக்கு வாசித்தேன்.

"கிறுக்கா ஒனக்கு? படகு போனா ஆம்பள போவான். வீடு எங்கன போகும்?" என்றான்.

அவன் சொன்னது சரி. மறுநாள் பத்துப் பெட்டியிலும் பெண்கள் இருந்தார்கள். சவேரியார் வீட்டுப் பெட்டியை யாகப்பம்மாளும் லிண்டாவும் பாதிப் பாதி பங்குபோட்டுக்கொண்டார்கள். ஜோஸ்லின் பத்துப் பெட்டியையும் இரண்டு தரம் எண்ணிப் பார்த்தாள். நானும் எண்ணினேன். பாடம் தொடங்கும் நேரத்தில் போன் அடித்தது. திரையில் 'கரஸ்'.

பள்ளி திறக்கப் போகிறது; வருகிறாளா இல்லையா என்று கேட்கப் போகிறார், அதுவும் ஆங்கிலத்தில். அவருக்குத் தமிழ் நன்றாகவே தெரியும்.

இந்த இடத்துக்கு என்னிடம் மூன்று முடிவுகள் இருக்கின்றன. ஒன்றில் ஜோஸ்லின் அழைப்பைத் துண்டிக்கிறாள். சுருக்கம், எனக்கும் வேலை மிச்சம். இன்னொன்றில் பயந்துபோய்ச் சம்மதிக்கிறாள்; பரிசு கிடைக்கும் முடிவு, ஆனால் எழுதும்போது எனக்கே எரிச்சல் வந்தது. மூன்றாவது ஊர்க்காரர்களுக்குப் பிடிக்கும்:

"குடு டீச்சர், நான் பேசுறேன். வணக்கம் சொல்லிட்டு, வச்சு வாங்கிடுறேன்" என்று யாகப்பம்மாள் கையை நீட்டினாள்.

"நடந்ததக் கேட்டா நான் சொல்றேன்" என்றாள் லிண்டா.

ஒவ்வொரு பெட்டியிலிருந்தும் ஒரு கை நீண்டது. அவளுக்குப் பதிலாகப் பேச அன்று பத்து வீடு தயாராக இருந்தது. நானும் மனசுக்குள் ஒரு வசனம் எழுதி வைத்திருந்தேன், நல்ல வசனம்.

ஜோஸ்லின் போனை மார்போடு அணைத்துக்கொண்டாள்.

"இதுக்கு மாத்து ஆள் கெடையாது" என்றாள். "எல்லாரும் கொஞ்சம் வெளிய இருங்க."

எல்லாரும் என்றால் நானும்தான். தகரக் கதவை உள்ளேயிருந்து சாத்திக்கொண்டாள்.

7

இப்போது நாங்கள் வெளியே மணலில் உட்கார்ந்திருக்கிறோம். வெயில் மண்டையைப் பிளக்கிறது. உள்ளே அவள் பேசுகிறாள். தடங்கல் இருக்கிறது, நிற்கிறாள், மறுபடி தொடங்குகிறாள். எழுதுகிற எனக்கே ஒன்றும் விளங்கவில்லை. காரணத்தை முன்பே சொல்லிவிட்டேன்.

"வணக்கம் சொல்லிருச்சு. தான் யாருன்னும் சொல்லிருச்சு" என்று யாகப்பம்மாள் கதவில் காதை வைத்தபடி சொல்கிறாள்.

"இப்ப நடந்ததச் சொல்லுது. பேரன்ட்ஸ் மீட்டிங்கு. கூட்டம் சிரிச்சது. விடாமச் சொல்லுது" என்கிறாள் லிண்டா. சொல்லும்போது அவள் கண் கலங்கியிருக்கிறது.

பிறகு உள்ளே குரல் மாறுகிறது. மெதுவாக, ஒவ்வொரு வார்த்தையாக வருகிறது. லிண்டா உதட்டைப் பிதுக்குகிறாள். மற்ற பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்கிறார்கள்.

"இனிமே என்ன செய்யப் போறேங்கிறதச் சொல்லுது போல" என்கிறாள் யாகப்பம்மாள். "அந்தப் பாடத்துக்கு எங்க வீட்டுல அவருல்ல வந்தாரு. எல்லா வீட்டுலயும் அன்னைக்கி ஆம்பளைகதான்."

ஆண்கள் எல்லோரும் கடலில் இருக்கிறார்கள். அவர்கள் கரைக்கு வரும்வரை காத்திருந்து கேட்டு எழுதலாம். நான் கேட்கப் போவதில்லை. அது அவள் பேச்சு, அவளே பேசுகிறாள். அதற்குப் போய் நான் ஒரு முடிவு எழுதினால், பத்து வீட்டுக்கும் அவள் தராத இடத்தை நான் பிடித்துக்கொண்டதாகிவிடும்.

உங்களுக்கு ஆங்கிலம் தெரியும்தானே? அப்படியானால் இப்படி வாருங்கள். யாகப்பம்மாள் கொஞ்சம் நகர்ந்துகொள்வாள். கதவில் கை படாமல் பார்த்துக்கொள்ளுங்கள், தகரம் சுடும். அவள் இன்னும் பேசிக்கொண்டுதான் இருக்கிறாள்.