கோட்டைத் தொடாத வளைவு

பத்தாவது தேறாதவர்கள் மே மாதத்துக்குப் பிறகு வர வேண்டாம் என்று அம்பத்தூர் எஸ்டேட்டில் கலைவாணி வேலை பார்த்த கம்பெனி சொல்லிவிட்டது. பதினோரு வருடமாக அங்கே பேக்கிங்கில் இருந்தவள். முப்பத்தாறு வயதில் தனித்தேர்வராகப் பத்தாவது எழுதத் துணிந்தாள். கணக்குதான் பயம்.

ஷேர் ஆட்டோ ஓட்டும் அவள் கணவன் ஜெகன் பன்னிரண்டாவது வரை படித்தவன். விடிந்ததும், வண்டி எடுக்கும் முன், வரைபடத்தாளை விரித்துச் சொல்லிக்கொடுப்பான்.

“எட்டு மார்க் இதுலயே கீது கலை. எக்ஸுக்கு ஒவ்வொரு நம்பரா போட்டு ஒய் கண்டுபுடி. புள்ளியெல்லாம் சேத்தா கிண்ணம் மாரி வரும். அடியில கீற புள்ளிதான் முனை. அதுக்கு ரெண்டு பக்கமும் ஒரே மாரி ஏறும். படுத்துகினு கீற கோட்ட எங்க தொடுதோ அதான் ஆன்சர்.”

“தொடலன்னா?”

“தொடாம எங்க பூடும்?” என்று சிரித்தான்.

தேர்வில் x² − 4x + 6 = 0 வந்தது. கலைவாணி அட்டவணை போட்டாள், புள்ளி வைத்தாள், வளைத்தாள். முனை கோட்டுக்கு மேலே இரண்டு கட்டம் தள்ளியே நின்றுவிட்டது. மறுபடி போட்டுப் பார்த்தாள். அதே இடம். மணி அடிக்கப்போகிற நேரம். எல்லாவற்றையும் அழித்து, அட்டவணையையும் மாற்றி, வளைவை மூன்று கட்டம் கீழே இறக்கினாள். கோடு வெட்டுப்பட்டது. ஒன்று, மூன்று என்று விடை எழுதினாள்.

வாசலில், பக்கத்து பெஞ்சில் எழுதிய வர்ஷாவிடம் கேட்டாள்.

“எனக்கும் தொடலக்கா. தொடலன்னா மெய்யான மூலம் இல்லன்னு எழுதணும். அவ்ளோதான்.”

வீட்டில் ஜெகன் புத்தகத்தைப் புரட்டினான். அந்த வரி அதில் இருந்தது. “எனக்கு இது நெனப்பே இல்ல கலை. என்னாலதான்.”

அவள் திரும்பாமல் அரிசி களைந்துகொண்டிருந்தாள்.

கணக்கில் முப்பத்தொன்று. தேற இன்னும் நான்கு வேண்டியிருந்தது. ஜூலை மறுதேர்வு வரை பொறுக்கச் சொல்லி சூப்பர்வைசர் ஏகாம்பரத்திடம் போய் நின்றாள்.

“கேட்டுப் பாத்தேம்மா. நிறுத்தறவங்க லிஸ்ட் மேல போயிடுச்சு” என்றார், முகத்தைப் பார்க்காமல்.

ஜூனில் நூம்பல் பக்கம் அடுக்குமாடி வீடுகளில் பாத்திரம் தேய்க்கப் போனாள். மறுதேர்வு விண்ணப்பத்தை ஜெகன் வாங்கி வந்து நீட்டினான்.

“எதுக்கு?” என்றாள்.

அவன் அதை மடித்துக் கணக்குப் புத்தகத்துக்குள் வைத்தான்.