முதுகு மட்டும் தெரிந்தால் போதும்

எங்கள் குடும்பத்தில் நீதிமன்றத்துக்குப் போனவர்கள் உண்டு, மருத்துவமனைக்குப் போனவர்கள் உண்டு. எல்லாரும் அங்கே வேலை பார்க்கத்தான் போனார்கள். அதனால் தம்பி மகள் சினிமா படிக்கப் போகிறாள் என்று கேள்விப்பட்டபோது சில மாதங்கள் நான் தம்பி வீட்டுப் படி ஏறவில்லை. பிறகு ஏறினேன். பெண் படிப்பில் கெட்டி. என்ன படித்தாலும் முதல் வரிசையில் இருப்பாள் என்று என்னை நானே சமாதானம் செய்துகொண்டேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை தம்பி வீட்டில் எல்லாரும் சாப்பிட உட்கார்ந்திருந்தோம். அவள் என் தட்டில் கறியை அள்ளி வைத்தாள். இவ்வளவு உபசாரம் என்றால் ஏதோ கேட்கப் போகிறாள் என்று தெரிந்துவிட்டது.

“பெரியப்பா, எங்க குரூப்ல ஒரு குறும்படத்தோட ஆரம்பம் எடுக்கணும். உங்க வீட்டு வாசல் வேணும். பெரியம்மாவும் வேணும்.”

“ஆரம்பம் மட்டுமா? மிச்சத்தை யாரு எடுப்பா?”

“யாரும் எடுக்க மாட்டாங்க. ஆரம்பத்துக்குத்தான் மார்க்.”

“முடிவே இல்லாத கதைக்கு மார்க்கா? கொடுத்து வெச்சவங்கம்மா நீங்க.”

கதை இவ்வளவுதான். பல வருடங்களுக்கு முன் வீட்டை விட்டுப் போன கணவன் திரும்பி வந்து கதவைத் தட்டுகிறான். மனைவி திறக்கிறாள். அவளுக்கு அவனை அடையாளம் தெரியவில்லை. ‘யாருங்க நீங்க?’ என்று கேட்டுவிட்டுக் கதவைச் சாத்துகிறாள். சாத்திய கதவின் மேல் படத்தின் பெயர் வரும்.

முடியாது என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். அதற்குள் தம்பி மனைவி முந்திக்கொண்டாள். “அக்காவால முடியுமா மாமா? இப்பல்லாம் அக்கா ஒரு மாதிரி…” என்று இழுத்தாள். தம்பி தலையைக் குனிந்து தட்டைப் பார்த்தான். இருவரும் ஏற்கெனவே பேசிவைத்திருக்கிறார்கள் என்பது எனக்குப் புரிந்தது.

“ஏன் முடியாது?” என்றேன். “ஒரு வகுப்புப் பிள்ளைங்க முன்னாடி நின்னு காலமெல்லாம் கணக்கு சொல்லிக் கொடுத்தவ. ஒரு வரி பேச மாட்டாளா?”

“பேசுறேன்,” என்றாள் என் மனைவி. “கதாநாயகிக்குப் புதுப் புடவை உண்டா?”

எல்லாரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு எனக்குத் தேவையாக இருந்தது.

அவளுக்கு மறதி தொடங்கி இரண்டு வருடமாகிறது. யாருக்கும் சொல்லவில்லை. வீட்டுக்கு ஆள் வந்தால், செருப்பைக் கழற்றுவதற்குள் அவர் பெயரையும் உறவையும் அவள் காதில் போட்டுவிடுவேன். தொலைபேசியை நான்தான் எடுப்பேன். கேட்ட கேள்விக்குப் பதில் வராவிட்டால், “அவளுக்குக் காது கொஞ்சம் மந்தம்” என்பேன். காது மந்தம் ஒரு குறையாகப் படவில்லை. ஒரு தெருவுக்கே கணக்குச் சொல்லிக் கொடுத்தவளை, ஊரே டீச்சரம்மா என்று எழுந்து நின்று வணங்கியவளை, புத்தி தடுமாறியவள் என்று ஒருவர் வாயால் கேட்க என்னால் முடியாது. அவள் எதை மறந்தாலும் என்னை மறந்ததில்லை. அந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டுதான் நான் வெளியில் நிமிர்ந்து நடந்துகொண்டிருந்தேன்.

ஆகவே நான் ஒரு கணக்குப் போட்டேன். வசனம் ஒரே ஒரு வரி. அதுவும் ‘யாருங்க நீங்க?’ மறந்துபோக அதில் என்ன இருக்கிறது? திரையில் அவளைப் பார்த்துவிட்டால் உறவுக்காரர்களின் வாய் தானாக அடைத்துவிடும். அதற்காகத்தான் சம்மதித்தேன்.

படமெடுக்க நான்கு பேர் வந்தார்கள். தம்பி மகள் இயக்குநர். கேமராக்காரப் பையனை முக்காலி என்று கூப்பிட்டார்கள். எங்கே போனாலும் கேமராவைத் தாங்கும் மூன்று கால் கருவியைத் தோளில் சுமந்துகொண்டே போனான். படத்தை வெட்டி ஒட்டுகிற பெண்ணுக்குக் கத்திரி என்று பெயர். ஒலிப்பதிவுப் பையன் காது. என் மனைவியின் புடவை மடிப்புக்குள் பொத்தான் அளவு மைக் ஒன்றைச் செருகிவிட்டு, பெரிய ஹெட்போனை மாட்டிக்கொண்டு கதவுக்கு உள்பக்கம் அவளருகே உட்கார்ந்தான்.

கணவனாக நடிக்க வேண்டியவர் முக்காலியின் தந்தை. பேருந்து நடத்துநர். கடைசி நேரத்தில் அவருக்கு வேலை போட்டுவிட்டார்கள்.

“பெரியப்பா, நீங்களே நில்லுங்களேன். முகம் வராது. முதுகு மட்டும் தெரிஞ்சாப் போதும்.”

“நம்ம குடும்பத்துல யாரும் வேஷம் கட்டினதில்ல.”

“முதுகுக்கு வேஷம் வேண்டாம் பெரியப்பா. உங்க முதுகு எப்பவும் போல இருந்தாப் போதும்.”

கத்திரி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். என் மனைவி தடுமாறினால் எடுத்துக்கொடுக்க அருகில் நான் இருப்பது நல்லது என்று தோன்றியது. நின்றேன்.

முதல் முறை கதவைத் திறந்தவள் என்னைப் பார்த்ததும் குலுங்கிச் சிரித்தாள். “இது என்ன கூத்து! கட்டின புருஷனையே யாருன்னு கேக்கச் சொல்றீங்களே!”

இரண்டாம் முறையும் அதே சிரிப்பு. “இந்த மூஞ்சிய எப்படிடி மறக்கறது? கொஞ்சம் மீசைய எடுத்துட்டு வரச் சொல்லு.” பிள்ளைகள் தரையில் உட்கார்ந்து சிரித்தார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. தம்பி மனைவி இங்கே இருந்திருக்க வேண்டும் என்று நினைத்தேன்.

பிறகு முக்காலி விளக்கை இடம் மாற்ற ஆரம்பித்தான். வாசலில் நிழல் விழுகிறதாம். அது வெகுநேரம் இழுத்தது. கதவு சாத்தியிருந்தது. நான் வெளியே, அவள் உள்ளே.

மறுபடி தட்டினேன். திறந்தாள். சிரிக்கவில்லை.

புடவைத் தலைப்பை இழுத்துத் தோளை மூடிக்கொண்டு என்னை மேலும் கீழுமாகப் பார்த்தாள். அன்னியர் எதிரில் நிற்கும்போது எப்படி நிற்பாளோ அப்படி.

“யாருங்க நீங்க?” என்றாள். பிறகு, எழுதித் தராத ஒன்றையும் சொன்னாள். “அவர் வெளியில போயிருக்காரு. வந்ததும் சொல்றேன். பேர் என்ன சொல்லட்டும்?”

அவள் கண்ணுக்குள் தேடினேன். அங்கே நான் இல்லை.

கதவு சாத்தப்பட்டது. பின்னால் முக்காலி, “செம்ம!” என்று கத்தினான். “ஒரே ஒரு தடவை, இதே மாதிரி,” என்றாள் கத்திரி. இன்னொரு தடவையும் தட்டினேன். இன்னொரு தடவையும் யாரென்று கேட்டாள். என் முகத்தை அவள் ஒருத்திதான் பார்த்தாள், அவளுக்கு அது யார் முகமோ. மற்றவர்களுக்கு முதுகுதான் தெரிந்தது. முதுகுக்கு அழத் தெரியாது. தம்பி மகள் மட்டும் கையிலிருந்த தாள்களைச் சுருட்டிக்கொண்டே நின்றாள்.

சாயங்காலம் என் மனைவி என்னைப் பழையபடி, “என்னங்க, டீ ஆறுது” என்று கூப்பிட்டாள். நடந்தது எதையும் நான் கேட்கவில்லை.

படம் முடிந்ததும் கல்லூரியில் ஒரு கூட்டம் வைத்தார்கள். குழுவில் ஒவ்வொருவரும் எழுந்து, தான் என்ன செய்தேன், எங்கே தவறினேன், என்ன கற்றேன் என்று சொல்ல வேண்டும். வெளியார் யாராவது உதவியிருந்தால் அதையும் சொல்ல வேண்டும். வெளியார் செய்த பகுதிக்கு மதிப்பெண் கிடையாது. பெற்றோரையும் அழைத்திருந்தார்கள். போகாவிட்டால் பேச்சு வரும். தேய்த்த சட்டையைப் போட்டுக்கொண்டு மனைவியை அழைத்துப் போனேன். தம்பியும் அவன் மனைவியும் எங்களுக்குப் பின் வரிசையில் உட்கார்ந்தார்கள். அன்று என் மனைவி தெளிவாக இருந்தாள். “பாப்பாவுக்கு ஃபர்ஸ்ட் மார்க் வரணும்,” என்று என்னிடம் இரண்டு முறை சொன்னாள்.

விளக்கை அணைத்துப் படத்தைப் போட்டார்கள். கதவு திறந்தது, கேட்டாள், சாத்தினாள்.

முக்காலி முதலில் எழுந்தான். நிழலைச் சமாளித்த கதையைச் சொன்னான். கத்திரி, முதலில் எடுத்தவற்றில் சிரிப்பாக இருந்ததால் ஒன்றையும் பயன்படுத்த முடியவில்லை என்றாள். “எங்க குறைன்னா, அந்தக் கணவர்தான் மேடம். முதுகு மரக்கட்டை மாதிரி இருக்கு. எந்த உணர்ச்சியும் இல்ல.”

“எனக்கும் அப்படித்தான் பட்டது,” என்றார் பேராசிரியை. “இவ்வளவு நல்ல நடிகைக்கு எதிர்ல ஒரு தூணை நிறுத்தியிருக்கீங்க. அடுத்த தடவை நல்ல ஆளாப் போடுங்க.”

முன்வரிசையில் இருந்த தூண் நிமிர்ந்தே உட்கார்ந்திருந்தது.

அடுத்து காது எழுந்தான். “எங்க வேலைல ஒரு வசதி மேடம், யாருக்கும் கேக்காதது எங்களுக்குக் கேக்கும். அந்தம்மா கேரக்டரை விட்டு வெளிய வரவே இல்ல. விளக்கு மாத்துறப்ப நான் பக்கத்துலதான் இருந்தேன். கதவு இடுக்கு வழியாப் பாத்துட்டு என்கிட்ட ரகசியமாச் சொல்றாங்க: ‘தம்பி, வெளியில யாரோ ரொம்ப நேரமா நிக்கிறாரு. பாவமா இருக்கு. ஆனா எங்க வீட்டுக்காரர் வர்றதுக்குள்ள அனுப்பிடுப்பா. அவர் கௌரவம் பாக்குறவரு. அவர் தலை குனியற மாதிரி எதுவும் நடந்துடக் கூடாது.’ எனக்குப் புல்லரிச்சுப் போச்சு மேடம்.”

அறை முழுக்கக் கைதட்டல். யாரோ விசிலடித்தார்கள். பின் வரிசையில் மட்டும் சத்தமே இல்லை.

நான் தரையைப் பார்த்தேன். என் முகத்தை மறந்தவள் என் கௌரவத்தை மறக்கவில்லை. என்னிடமிருந்தே அதைக் காப்பாற்றிக்கொண்டிருந்தாள்.

அவள் விரல்கள் என் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தன.

“என்னங்க,” என்று கிசுகிசுத்தாள். “நான் அப்படிச் சொன்னேனா? எனக்கு ஞாபகமே இல்லையே. வெளியில நின்னது நீங்கதானே? உங்களையா நான்…”

“எழுதிக் கொடுத்ததைத்தானே சொன்ன,” என்றேன்.

“எழுதிக் கொடுத்ததா?”

“ஆமா. வசனம்.”

அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நம்பலாமா என்று பார்க்கிறாள் என்று தெரிந்தது.

அப்போது பேராசிரியை தம்பி மகளைப் பார்த்தார். “இயக்குநர் சொல்லுங்க. ‘பேர் என்ன சொல்லட்டும்’ங்கறது நீங்க கொடுத்த ஸ்கிரிப்ட்ல இல்ல. எப்படி வந்தது? அவங்களா பேசினாங்களா, நீங்க சொல்லிக் கொடுத்தீங்களா?”

அவள் எழுந்தாள். “நான் கட் சொல்லியிருக்கணும் மேடம்,” என்றாள். “எனக்கு அப்பவே தெரிஞ்சது. நான்…”

என் மணிக்கட்டில் இருந்த பிடி இன்னும் இறுகியது. நான் எழுந்து நின்றேன்.

நீதிமன்றத்தில் தலைமை எழுத்தராக இருந்தவன் நான். கூண்டில் ஏறிப் பொய் சொல்பவர்களை ஆயுள் முழுக்கப் பார்த்து முகம் சுளித்தவன்.

“அந்த வசனம் நான் எழுதினது,” என்றேன். “என் மனைவிக்கு நான்தான் சொல்லிக் கொடுத்தேன். உள்ள நின்னு இந்தத் தம்பிகிட்டப் பேசினதும் நான் எழுதினதுதான். அப்ப அவ ஒத்திகை பாத்துட்டிருந்தா.”

காது வாயைத் திறந்தான். தம்பி மகளின் முகத்தைப் பார்த்தான். என் மனைவியைப் பார்த்தான். மெல்ல உட்கார்ந்துவிட்டான்.

“நிஜமாவா?” என்று பேராசிரியை தம்பி மகளிடம் கேட்டார். “அப்படின்னா ஸ்கிரிப்டுக்கும் நடிகரை இயக்கினதுக்கும் நான் மார்க் போட முடியாது. தெரியும்ல?”

“தெரியும் மேடம்,” என்றாள். என்னைப் பார்க்கவில்லை. “பெரியப்பாதான் எழுதிக் கொடுத்தார்.”

கத்திரி கோபமாக ஏதோ முணுமுணுத்தாள். முக்காலி அவளை அடக்கினான்.

என் மணிக்கட்டு விடுபட்டது. “அதானே பாத்தேன்,” என்று என் மனைவி சாய்ந்து உட்கார்ந்தாள்.

கூட்டம் கலைந்ததும் தம்பி மனைவி எங்கள் வரிசைக்கு வந்தாள். அவள் கேட்கப் போகும் கேள்விக்கு நான் பதிலைத் தயாராக வைத்திருந்தேன். அவள் ஒன்றும் கேட்கவில்லை. என் மனைவியின் தலையில் கலைந்திருந்த முடியை ஒதுக்கிவிட்டு, “நாளைலேர்ந்து காலைல நான் வந்துடறேன் மாமா,” என்றாள். வேண்டாம் என்று சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. தம்பி வண்டியை எடுத்துவரப் போனான்.

நடைபாதையில் மாணவர்கள் நெருக்கியடித்துக்கொண்டு போனார்கள். தம்பி மகள் எங்களுக்குப் பின்னால் நடந்து வந்தாள். சிறிது தூரம் போனதும் என் மனைவி நின்று என்னைத் திரும்பிப் பார்த்தாள். தலைப்பை இழுத்துத் தோளை மூடிக்கொண்டாள்.

“நீங்கதானே அந்த வசனம் எழுதினவரு?” என்றாள். “ரொம்ப நல்லா எழுதியிருக்கீங்க. எங்க வீட்டுக்காரர் வந்திருந்தா சந்தோஷப்பட்டிருப்பாரு. அவருக்கு சினிமான்னா பிடிக்காது. ஆனா இது பிடிச்சிருக்கும்.”

தம்பி மகள் அழ ஆரம்பித்தாள். நான் ஒரு அடி தள்ளி நின்றுகொண்டேன், அன்னியர் நிற்க வேண்டிய தூரத்தில்.

“அவர்கிட்டச் சொல்லுங்கம்மா,” என்றேன். “கண்டிப்பாச் சொல்லுங்க.”