ஆறு வருஷ லாபம்

“கையெழுத்துப் போடுங்க அண்ணி, புரோக்கர் ஸ்ரீரங்கத்துலேர்ந்து—”

“போட மாட்டேன்னு எத்தனை தடவை—”

“—வந்து காத்துக்கிட்டு இருக்கார்!”

“—சொல்றது உங்களுக்கு!”

பாலக்கரை வீட்டில் லூர்துராணி டீச்சரும் கொழுந்தன் கிளமென்டும் ஒருவர் பேச்சில் ஒருவர் விழுந்து புரண்டுகொண்டிருந்தார்கள். பொன்மலை ஒர்க்‌ஷாப்பில் வேலை பார்த்த கணவர் காலமானபோது வந்த மூவாயிரம் ரூபாய், மகள் பேட்ரிசியாவின் காலேஜ் படிப்புக்கென்று பாங்கில் கிடந்தது. அதை எடுத்துப் பம்பு கம்பெனிப் பங்கில் போடச் சொல்லி, அந்தக் கம்பெனியிலேயே குமாஸ்தாவாக இருந்த கிளமென்ட் ஒற்றைக்காலில் நின்றான்.

“பங்கு அறுபது ரூபா. இந்த வருஷம் பங்குக்கு லாபம் பத்து ரூபா. ஆறே வருஷ லாபம்தான் விலை! கணக்கு டீச்சருக்கு நான் வாய்ப்பாடு சொல்லணுமா?”

“சொல்லுங்களேன். போன வருஷம் எத்தனை?”

“போன வருஷக் கதை இப்ப எதுக்கு?”

விடுவாளா அவள்? கணவர் வாங்கி வைத்த பத்துப் பங்குக்காக வருஷா வருஷம் தபாலில் வரும் கம்பெனி அறிக்கைகளைப் பெட்டியிலிருந்து அள்ளிப் போட்டாள். ஒவ்வொரு அட்டையிலும் பென்சிலில் ஒரே ஒரு எண். விலையை லாபத்தால் வகுத்தது.

“அம்பத்தேழாம் வருஷம் இருபது ரூபா விலை, ரெண்டு ரூபா லாபம். பத்து. அறுபதாம் வருஷம் பதினஞ்சு. போன வருஷம் விலை அறுபது, லாபம் ரெண்டரை. இருபத்தி நாலு! விலை மூணு மடங்கு ஏறிச்சு, லாபம் எட்டணா ஏறிச்சு. இப்ப திடீர்னு ஆறுன்னா, ஊரெல்லாம் நாலு மடங்கு பம்பு வாங்கிருச்சா?”

“ஆர்டர் நல்லாத்தான்...”

“ஏழாம் பக்கம் படிங்க. கம்பெனியோட காட்டூர் நிலத்தை வித்த காசும் லாபத்துல உட்கார்ந்திருக்கு. பால் வித்த காசு வேற, மாட்டை வித்த காசு வேற. அடுத்த வருஷம் எந்த மாட்டை விப்பாங்க? அதைத் தள்ளிட்டா பழைய ரெண்டரை, பழைய இருபத்தி நாலு.”

கிளமென்டுக்குக் காது சிவந்தது. “அண்ணன் இருந்தா என் பேச்சைத் தட்டியிருக்க மாட்டார். ஆம்பளை இல்லாத வீடுன்னா இப்படித்தான்.”

“ஆம்பளை இல்ல. வகுத்தல் இருக்கு.”

“சரி, வாதாட எனக்கு நேரமில்ல. இந்த இடத்துல மட்டும் போடுங்க, மத்ததை நான் பார்த்துக்கறேன்.”

பத்திரத்தின் மேல் பாதியை மடித்து உள்ளங்கையால் அழுத்தியிருந்தான். பரீட்சை ஹாலில் இருபது வருஷம் நடந்தவளுக்கு, ஒரு கை எதற்காகக் காகிதத்தை மூடும் என்று தெரியாதா? வெடுக்கென்று உருவிப் பிரித்தாள். பங்கு வாங்குபவர்: லூர்துராணி. விற்பவர்: கிளமென்ட். ஐம்பது பங்கு.

பேனாவை மூடி அவன் சட்டைப் பையிலேயே செருகினாள்.

“ஆறே வருஷத்துல போட்டது திரும்புற பங்கை, நீங்க ஏன் தம்பி விக்கிறீங்க?”