கண்டெடுத்த பிள்ளை

ராலிட்சா அப்பாவின் ஒரு கன்னத்தை மழித்து முடித்தபோதுதான் டோனா அத்தை வாய் திறந்தாள்.

"இவனுக்கு முன்னாடி எனக்கு மூணு தம்பிங்க. ஒருத்தனும் நாப்பது நாள் தாண்டல."

அப்பா நைடென் விடியற்காலையில் இறந்திருந்தார். எண்பத்திரண்டு வயது. கடைசி மூன்று நாளும் கதவையே பார்த்துக்கொண்டிருந்தார். அங்கே ஒரு பெண் நிற்பதாகவும், நீ யார் வீட்டுப் பிள்ளை என்று கேட்பதாகவும் சொன்னார். ராலிட்சாவுக்குக் கதவும் அதில் தொங்கிய கோட்டும்தான் தெரிந்தன. ஆனாலும் அந்தப் பக்கம் முதுகைக் காட்டி உட்கார அவளால் முடியவில்லை.

நான்காவது மகனாக இவர் பிறந்ததும், பெற்றவளே கம்பளியில் சுற்றிப் பாலத்தருகே கிடத்திவிட்டு வந்தாளாம். ஒன்பது வயது டோனா புதருக்குப் பின்னால் நின்று பார்த்தாள். முதலில் அந்த வழியாக வந்த மாவுமில்காரர் குழந்தையை எடுத்து, நைடென் என்று பெயர் வைத்து, யாரோ பெற்றதைத் தருவதுபோல் பெற்றவளிடமே கொடுத்தார். நைடென் என்றால் கண்டெடுத்தவன். இந்த வீட்டில் எடுத்துப்போகப் பிள்ளை எதுவும் இல்லையென்று சாவு நம்ப வேண்டும். அதற்காகவே அவள் கண்மூடும்வரை அவரை மகனே என்று ஒருமுறைகூடக் கூப்பிடவில்லை.

குடும்பப் படங்களிலெல்லாம் அப்பா ஓரமாகத் தள்ளி நிற்பது ராலிட்சாவின் நினைவுக்கு வந்தது.

"தன்னை யாரோ வீசிட்டுப் போனதாவே கடைசி வரைக்கும் நெனச்சாரு அத்தை. ஏன் சொல்லல?"

"சொன்னா சாவோட காதுல விழுந்துடும்டி. எங்கம்மா சத்தியம் வாங்கியிருந்தா."

"எம்பத்திரண்டு வயசுலயுமா?"

அத்தை கட்டிலைப் பிடித்துக்கொண்டு குனிந்தாள். நுரை காயாத அந்தக் காதருகே சொன்னாள்: "நீ எங்க வீட்டுப் பிள்ளைடா. அம்மா வயித்துல பொறந்தவன்."

பிறகு மெல்ல நிமிர்ந்து கதவைப் பார்த்தாள்.

பத்து மணிக்குப் பக்கத்து வீட்டு பென்கா சாவு வீட்டுக்கான அவித்த கோதுமையோடு வந்தாள். அதே நேரம் கைபேசி ஒலித்தது. பிளவ்டிவ் நகரத்திலிருந்து மகன் காமென் பேசினான். மலைப்பாதை முழுக்கப் பனி, வண்டி வழுக்குகிறது, மெதுவாக வந்துவிடுகிறேன் என்றான்.

"யாரு, உன் மகனா?" என்று பென்கா கேட்டாள்.

ராலிட்சா கதவைப் பார்த்தாள்.

"இல்ல," என்றாள். "வேற யாரோ பையன்."

கைபேசியை மேசைமேல் கவிழ்த்து வைத்தாள்.